காலையுணவை மாற்றிய வைத்தியர்

உலகப் பெரியோருள் நாடாண்டவர் உளர்; நூல் யாத்தவர் உளர்; போர்க்களத்தில் வென்றவர் உளர். அவருள் மிகப் பலருக்கும் எட்டாத இடம் ஒன்றுண்டு. அது வீட்டின் அடுக்களை. அரசன் ஆணைக்கும் அறிஞன் நூலுக்கும் எளிதில் வழிவிடாத அவ்விடத்துட் புகுந்து, கோடிக்கணக்கான மக்கள் விடியற்காலையில் உண்ணும் உணவையே மாற்றி அமைத்தவர் ஒருவர். அவரே அமெரிக்க நாட்டு வைத்தியராகிய ஜோன் ஹார்வே கெல்லொக்.

கண்டி நகரின் பெரிய கடைகளிற் கோர்ன் பிளேக்ஸ் என்னும் சோளச் செதில் நிறைந்த தாளட்டைப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கக் காண்கிறோம். அவற்றுட் சிலவற்றின் மேற் கெல்லொக்கின் பெயர் ஒப்பமிட்டாற்போலச் சிவந்த எழுத்தில் விளங்கும். அதனை எழுத்துக் கூட்டி வாசிக்கும் சிறுவர் பலர். ஆயினும் அவ்வொப்பம் வைத்தியருடையதன்று, அவர்தம் தம்பியாருடையது என்பதனையும், செதிலிற் சீனி சேர்த்தலை வைத்தியர் விரும்பவில்லை என்பதனையும், உடன்பிறந்தார் இருவரும் தம் குடிப்பெயரின் பொருட்டு நீதிமன்றம் ஏறினர் என்பதனையும் அறிந்தார் சிலரே.

பண்டிதனுக்கு வைத்தியர் வரலாற்றில் என்ன அலுவல் என்று வினவுவார் இருத்தல் கூடும். திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் மூலிகை ஒன்றன் பெயரையேனும் அவர் கூறினாரல்லர். முன்னுண்டது செரித்தமை அறிந்து, அளவறிந்து உண்ணும் முறையையே முதற்கண் வைத்துப் பேசினார். ஆதலின் உணவாராய்ச்சி தமிழாசிரியனுக்கு அயலான துறையன்று. இஃதன்றி, யானும் சலரோகம் உடையேன். நோய் உண்டென்று கண்டறிந்த வைத்தியர் என்னிடம் முதலிற் கேட்ட வினா, காலையில் என்ன உண்கிறீர் என்பதே. அவ்வொரு வினாவே காலையுணவின் வரலாற்றைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டிற்று. படித்தவழிக் கண்ட வாழ்க்கை இது.

இளமை

ஜோன் ஹார்வே கெல்லொக் 1852 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்துத் தைரோன் என்னும் நாட்டுப்புறத்திற் பிறந்தார். தந்தையார் ஜோன் பிரெஸ்ரன் கெல்லொக். தாயார் ஆன் ஜனற். பிள்ளைகள் பலர் நிறைந்த வீடு அது. பின்னர் அக்குடும்பத்தார் பற்றில் கிறீக் என்னும் ஊரிற் குடியேறினர். தந்தையார் அங்கே துடைப்பம் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். சிறுவனாகிய ஜோன் துடைப்பத்துக்குரிய தாள்களைத் தரம் பிரிக்கும் வேலை செய்தான்.

குடும்பத்தார் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சார்ந்தோர். உலக முடிவு அண்மையில் உள்ளது என்னும் நம்பிக்கை அக்காலத்து அச்சபையாரிடை உறுதியாக இருந்தது. முடியப்போகும் உலகில் நெடுநாட் பள்ளிப்படிப்பு எதற்கு என்று பெற்றோர் கருதினர். அதனாற் சிறுவனுக்குப் பள்ளிக்கூடம் வாய்த்தது சிறிதே. நோயுற்ற உடல் வேறு. ஆயினும் கிடைத்த நூலெல்லாம் கற்கும் வேட்கை அவனிடம் இருந்தது.

ஏறத்தாழப் பன்னிரண்டு வயதிற் சபையாரின் அச்சுக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தான். சபைத் தலைவியாகிய எலன் வைற் அம்மையார் உடல்நலம் பற்றி எழுதிய கட்டுரைகளுக்கு எழுத்துக் கோக்கும் பணி அவன் கையில் வந்தது. ஊன், மது, புகையிலை, தேநீர் ஆகியவற்றை நீக்குக என்றும், தானியமும் கனியும் கொள்க என்றும் அக்கட்டுரைகள் வற்புறுத்தின. ஓர் எழுத்தாக எடுத்துக் கோத்தமையால் அக்கருத்துகள் அவன் நெஞ்சிற் பதிந்துவிட்டன போலும்! இளமையிலேயே புலாலுணவை நீக்கியவர், தொண்ணூறு வயது கடந்தும் அந்நோன்பினின்று வழுவினாரல்லர்.

பதினாறு வயதில் அவர் நாட்டுப்புறப் பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணியாற்றினார் என்பது, ஆசிரியத் தொழிலினராகிய எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆசிரியராகவே வாழ்வதே அவர்தம் முதல் விருப்பம். வைற் குடும்பத்தார்தாம் அவரை மருத்துவம் கற்க அனுப்பினர். நியூ யோர்க் நகரத்துப் பெல்வியூ மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1875 ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

மாணவராய் அந்நகரில் வாழ்ந்த நாளில் வாடகை அறையிற் சமைப்பதற்கு வசதி கிடையாது. தவிடு நீக்காத மாவினாற் செய்த விசுக்கோத்துகளையும் ஆப்பிட் பழங்களையுமே காலையில் உண்டு கல்லூரிக்குச் செல்வார். சமைத்துப் பதப்படுத்திய தானியத்தைக் கடையில் வாங்கி அப்படியே உண்ணத்தக்கதாக ஏன் செய்தல் கூடாது என்னும் எண்ணம் அவ்வறையிலேயே அவருக்குத் தோன்றிற்று. இருபது ஆண்டுகட்குப் பின்னர் அவ்வெண்ணம் உருப்பெற்றது.

நலவாழ்வு நிலையம்

அட்வென்டிஸ்ட் சபையார் 1866 ஆம் ஆண்டிற் பற்றில் கிறீக்கில் ஒரு சிறிய மருத்துவ நிலையம் நிறுவியிருந்தனர். 1876 ஆம் ஆண்டில் அதன் பொறுப்பு இருபத்து நான்கு வயதினராகிய கெல்லொக்கிடம் வந்தது. அதற்கு அவர் பற்றில் கிறீக் சானிற்றேரியம் என்று பெயரிட்டார். சிறு கட்டடமாய் இருந்த அந்நிலையம் அவர் கையில் ஒரு நகரம் போல வளர்ந்தது. செல்வரும் அரசியற் தலைவரும் கலைஞரும் அங்கு வந்து தங்கி மருத்துவம் பெற்றனர்.

அக்காலத்து அமெரிக்கரைப் பெரிதும் வருத்திய நோய் செரியாமை. உப்பிட்ட பன்றியிறைச்சியும் கொழுப்பிற் பொரித்த கிழங்கும் கடுங்காப்பியுமாக அவர்கள் காலையிலேயே வயிற்றை நிரப்பினர். உண்டபின் நெஞ்செரிவும் மலச்சிக்கலும் கொண்டு வருந்தினர். இந்நோயாளரே கெல்லொக்கின் நிலையத்துக்குக் கூட்டங் கூட்டமாக வந்தனர். நீராட்டு, ஒளிக்குளியல், உடற்பயிற்சி, தூய காற்று, நன்கு மென்று உண்ணுதல், புலால் நீக்கிய உணவு என்பன அவர்தம் மருத்துவ முறைகள். இவற்றுட் சில இன்று நகைப்புக்கு இடமானவை. சில இன்றைய வைத்தியரும் போற்றுபவை. அறுவை மருத்துவத்திலும் அவர் கைதேர்ந்தவர்.

1879 ஆம் ஆண்டில் எல்லா ஈற்றன் என்னும் அம்மையாரை மணந்தார். மக்கட்பேறு இல்லை. இருவரும் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்தனர். நிலையத்தின் சமையலறையை ஆய்வுக்கூடமாக்கியவர் இவ்வம்மையாரே. உப்பும் காரமும் ஊனும் இல்லாத உணவை நோயாளர் வெறாது உண்ணுமாறு செய்தல் எளிய செயலன்று. 1892 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சமையல் நூல் அம்முயற்சியின் பயன். கணவர் புகழொளியில் மனைவியர் பணி மறைவது எந்நாட்டிலும் உள்ளதே. எனவே அவர் பெயரை ஈண்டுக் குறித்தல் கடன்.

செதில் பிறந்த வரலாறு

காலையில் உண்ணும் உலர்ந்த தானிய உணவைக் கெல்லொக்குக்கு முன்னரே ஜேம்ஸ் கலெப் ஜாக்சன் என்னும் வைத்தியர் 1863 ஆம் ஆண்டிற் செய்திருந்தார். அது கல்லைப் போற் கடியது. இரவு முழுதும் ஊறவைத்தாலன்றி உண்ண இயலாது. பல்லில்லாதாரும் வயிறு நொந்தாரும் எளிதில் உண்ணத்தக்க உணவைக் கெல்லொக் நாடினார்.

அவர் கொண்ட கொள்கை இது. தானியத்தின் பெரும்பகுதி மாப்பொருள். அதனை நெடுநேரம் வேகவைத்து மீண்டும் வாட்டினால், அது உடைந்து தெக்ஸ்திரின் என்னும் எளிய பொருளாகத் தொடங்கும். வாயும் வயிறும் செய்யவேண்டிய வேலையின் ஒரு பகுதியை அடுப்பே முன்னதாகச் செய்துவிடும். அவ்வுணவு நலிந்த வயிற்றுக்கு இதமாகும். எளிதிற் செரிப்பதே நல்லுணவு என்பது அவர்தம் முடிபு.

1894 ஆம் ஆண்டில், அவித்த கோதுமையை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்கும் முயற்சியில் வைத்தியரும் அவர் தம்பி வில் கீத் கெல்லொக்கும் ஈடுபட்டிருந்தனர். ஒருமுறை வேறு அலுவல் வந்துற்றமையால் அவித்த கோதுமை நெடுநேரம் அப்படியே கிடந்தது. பின்னர் அதனை வீசிவிடாது உருளையிற் செலுத்தினர். தானியத்தினுள் ஈரம் சமனாகப் பரவியிருந்தமையின், ஒவ்வொரு மணியும் தனித்தனிச் செதிலாக விழுந்தது. அதனை வாட்டியவழி மொறுமொறுவென்று சுவை பெற்றது. கண்டுபிடித்த பெருமை யாருக்குரியது என்பதில் அண்ணனும் தம்பியும் அண்ணியும் வெவ்வேறு வகையாகக் கூறினர். உரிமைப் பத்திரம் 1896 ஆம் ஆண்டில் வைத்தியர் பெயரிற் கிடைத்தது. சில ஆண்டுகளிற் கோதுமைக்குப் பதிலாக, தமிழகத்தார் மக்காச்சோளம் என வழங்கும் சோளத்தில் இம்முறையைக் கையாண்டனர். கோர்ன் பிளேக்ஸ் பிறந்தது.

தமையனும் தம்பியும்

வில் கீத் 1860 ஆம் ஆண்டிற் பிறந்தவர்; தமையனாருக்கு எட்டு ஆண்டு இளையர். கால் நூற்றாண்டுக் காலம் தமையனாரின் கீழ்க் கணக்கராகவும் மேற்பார்வையாளராகவும் குறைந்த ஊதியத்துக்கு உழைத்தார். புகழெல்லாம் மூத்தவருக்கு, உழைப்பெல்லாம் இளையவருக்கு. உள்ளத்திற் புழுக்கம் எழுந்ததில் வியப்பில்லை.

இதற்கிடையில், 1891 ஆம் ஆண்டில் நிலையத்தில் நோயாளராகத் தங்கிச் சென்ற போஸ்ற் என்பார், அதே ஊரில் உணவுத் தொழிற்சாலை தொடங்கிப் பெருஞ்செல்வரானார். இது கண்டு தம்பியார் பொறுக்கலாற்றவில்லை. வைத்தியரோ தம் பெயர் வணிகத்திற் படுவதை அஞ்சினார். செதிலை நோயாளர் உணவாகவே கருதினார். தம்பியாரோ அதனை ஊரார் உணவாக்க எண்ணினார். அதற்குச் சுவை வேண்டும். சுவைக்கு முளைத்தானியச் சாறும் உப்பும் சீனியும் வேண்டும். சீனியைப் பகையாகக் கருதிய தமையனார் உடன்படவில்லை.

1906 ஆம் ஆண்டில் வில் கீத் தனி நிறுவனம் தொடங்கினார். பெட்டிதோறும் தம் ஒப்பத்தைப் பொறித்தார். விளம்பரத்துக்குப் பணத்தை நீர்போல் இறைத்தார். வணிகம் பெருகியபின் வைத்தியரும் தம் குடிப்பெயரிட்டு உணவு விற்கத் தொடங்கவே, அப்பெயர் யாருக்குரியது என்னும் வழக்கு எழுந்தது. பல்லாண்டு நடந்த அவ்வழக்கு 1920 ஆம் ஆண்டில் மிச்சிகன் உயர் நீதிமன்றில் தம்பியார் பக்கம் முடிந்தது. ஒரு தாய் வயிற்றிற் பிறந்து ஓரூரில் வாழ்ந்த இருவர் அதன்பின் உறவாடியது அரிது.

வைத்தியரின் பிற்காலம் இன்ப துன்பம் கலந்தது. 1902 ஆம் ஆண்டில் நிலையம் தீக்கிரையாயிற்று. அதனைப் பெரிதாக மீட்டும் கட்டினார். 1907 ஆம் ஆண்டில் கருத்து வேறுபாட்டாற் சபையினின்று நீக்கப்பட்டார். அவர் வாழ்வில் ஒரு கரும்புள்ளியும் உண்டு. மக்களினத்தைச் சீர்திருத்துவதாகச் சொல்லிப் பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்த கொள்கையை அவர் ஆதரித்தார். 1914 ஆம் ஆண்டில் அதற்கென மாநாடும் கூட்டினார். நாற்பது பிள்ளைகளை எடுத்து வளர்த்த கை, பிறப்பைக் கொண்டு மனிதரைப் பிரித்ததை எண்ணும்போது உள்ளம் நோகின்றது. பெரியோர் வரலாறு எழுதுவோர் இத்தகையவற்றை மறைத்தல் முறையன்று.

1929 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் நிலையம் கடனில் ஆழ்ந்தது. 1942 ஆம் ஆண்டிற் பெரிய கட்டடத்தை அமெரிக்கப் படையினர் மருத்துவமனைக்கென வாங்கினர். 1943 ஆம் ஆண்டு டிசம்பர் 14 ஆம் நாள், தம் 91 ஆம் வயதிற் கெல்லொக் மறைந்தார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், தம்பியாருக்கு இழைத்த தவறுகளுக்கு வருந்தி நீண்ட மடல் ஒன்று எழுதுவித்தார் என்றும், அதனை அனுப்புதல் அவர் பெருமைக்குத் தகாதென்று செயலாளர் வைத்துக்கொண்டமையால் அவர் மறைந்த பின்னரே அது தம்பியார் கைக்கு எட்டிற்று என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். தம்பியார் 1951 ஆம் ஆண்டிற் காலமானார். அவருக்கும் அப்போது வயது 91.

எளிதிற் செரித்தல் நன்மையா?

இருவரும் மறைந்தபின் சீனி தன் முழு வெற்றியைக் கொண்டாடிற்று. 1952 ஆம் ஆண்டில் வில் கீத்தின் நிறுவனம் சீனி பூசிய சோளச் செதிலைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அடுத்த ஆண்டில் வந்த மற்றோர் உணவின் எடையிற் பாதிக்கு மேல் சீனியே இருந்தது. நோயாளருக்கென்று தோன்றிய பண்டம் சிறுவர் தின்பண்டமாயிற்று.

ஆதலின் குற்றமெல்லாம் தம்பியாருடையது, தமையனாரின் சீனியில்லாச் செதில் குற்றமற்றது என்று முடிவு கட்டலாமோ? ஆகாது. இவ்வரலாற்றிற் கருதத்தக்க இடம் இதுவே.

நாம் உண்ட மாப்பொருள் உமிழ்நீரினாலும் சிறுகுடல் நீர்களினாலும் உடைந்து குளுக்கோசு என்னும் வெல்லமாகிக் குருதியிற் கலக்கிறது. அவ்வெல்லத்தை உடலின் உயிரணுக்களுட் புகுத்துவது, சதையி என்னும் உறுப்புச் சுரக்கும் இன்சுலின். நலமுடையார் குருதியில் உணவுண்டபின் வெல்லம் உயரும். இரண்டு மணி நேர அளவில் தணியும். சலரோகம் உடையார்க்கு இன்சுலின் போதாது. அல்லது இருந்தும் தொழிற்படாது. ஏறிய வெல்லம் இறங்காது நிற்கும். அங்ஙனம் ஆண்டுக்கணக்கில் நின்றால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் காலும் கெடும்.

இனி, சோளச் செதில் எவ்வாறு ஆக்கப்படுகிறது என்று நோக்குக. சோளத்தின் தவிடும் முளையும் நீக்கப்படுகின்றன. எஞ்சிய மாப்பகுதி வேகவைக்கப்பட்டு, மெல்லிய தகடாக நசுக்கப்பட்டு, வாட்டப்படுகிறது. மாப்பொருள் நன்றாக வெந்து விரிந்துவிட்டது. தடுத்து நிறுத்தும் நார்ப்பொருள் நீங்கிவிட்டது. தகடானமையாற் செரிமான நீர்கள் எல்லாப் பக்கமும் பற்றிக்கொள்கின்றன. எனவே விரைந்து வெல்லமாகிறது. வைத்தியர் போற்றிய எளிய செரிமானம் சலரோகிக்கு இடராக முடிகிறது. செரியாமை வருத்திய காலத்தின் மருந்து, சலரோகம் வருத்தும் காலத்தில் மருந்தாக நில்லாது போயிற்று.

இன்சுலின் கண்டறியப்பட்டது 1921 ஆம் ஆண்டில், கனடாவின் ரொறன்ரோ நகரில். அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜெங்கின்ஸ் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 1981 ஆம் ஆண்டில் ஓர் அளவுகோல் வகுத்தனர். மாப்பொருளும் வெல்லமுமாகக் கணக்கிட்டு 50 கிராம் அடங்கிய உணவை ஒருவர் உண்ண, அடுத்த இரண்டு மணி நேரத்திற் குருதி வெல்லம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பர். தூய குளுக்கோசுக்கு 100 என்று கொண்டு, பிறவற்றுக்கு எண் கொடுப்பர். இவ்வெண்ணைக் குருதிவெல்லச் சுட்டெண் எனலாம். 55 வரை தாழ்வு. 70 முதல் உயர்வு.

2008 ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு அட்டவணையின் சராசரிப்படி சோளச் செதிலுக்கு 81. வீட்டுச் சீனிக்கோ 65. சீனியினும் செதில் விரைந்து ஏற்றுகிறது! சீனியிற் பாதி குளுக்கோசு. மறுபாதி வேறு வகை வெல்லம். சோளத்தின் மாப்பொருளோ முழுதும் குளுக்கோசாகவே உடைவது. இதனாற் சீனி நல்லதென்பது பொருளன்று. நா இனிப்பென்று கூறாதது உடலில் இனிப்பாகலாம் என்பதே பொருள். சீனியை மட்டும் விலக்கிவிட்டு அச்சமின்றி உண்போர் இதனை உளங்கொள்ளல் வேண்டும்.

அதே அட்டவணையில் தட்டையாக்கிய ஓட்சிற் காய்ச்சிய கஞ்சிக்கு 55. கொதிநீர் ஊற்றியதும் கரையும் உடனடி ஓட்சுக்கு 79. தானியம் ஒன்றே; ஆக்கிய முறை வேறு. ஓட்சில் உள்ள பசைபோன்ற நார்ப்பொருள் செரிமானத்தைத் தாமதிக்கச் செய்யும். மிகையாக நசுக்கி முன்வேகவைத்தால் அக்காவல் தளரும். ஜெர்மானிய வைத்தியர் வொன் நூர்டன் என்பார் இன்சுலின் காணப்படுவதற்கு முன்பே, 1903 ஆம் ஆண்டில், ஓட்சுக் கஞ்சியைச் சலரோகிகளுக்கு விதித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

வைத்தியர் இசைவுடன் யானும் சின்னாள் விரல் நுனியிற் குருதி எடுத்துப் பார்த்தேன். சோளச் செதில் உண்ட காலையில் ஒரு மணி கழித்துக் கண்ட எண், அவித்த பயறும் தேங்காய்ச் சம்பலும் உண்ட காலையிற் கண்டதனினும் மிக உயர்ந்திருந்தது. ஒருவன் விரல் உலகுக்குச் சான்றாகாது. ஆயினும் நூலிற் படித்ததனை உடலிற் படித்தபோது அறிவு தெளிந்தது.

மலைநாட்டுக் காலைகள்

கெல்லொக்கின் கதை கடல்கடந்த கதையாயினும் கண்டிக்கு முற்றிலும் தொடர்பற்றதன்று. அவரை வளர்த்துப் பின் விலக்கிய அட்வென்டிஸ்ட் சபையார், கண்டி வாவிக்கரையில் மருத்துவமனையும் மயிலப்பிட்டியிற் கல்லூரியும் நிறுவினர். அவர்தம் செதிலோ சபையின் பெயரறியாத வீடுகளிலும் புகுந்துவிட்டது.

இம்மலைநாட்டின் பழைய காலையுணவு வேறு. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலர், 1681 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிற் குரக்கனைப் பற்றி எழுதியுள்ளார். கடுகு போன்ற அச்சிறு தானியத்தை அரைத்து அடை சுட்டு மக்கள் உண்டனர். நிலத்தில் உழைத்தார்க்கு அது உரமளித்தது. பிற்காலத்தில் இறக்குமதிக் கோதுமை மா வந்தது. தோட்டத் தொழிலாளர் வீடுகளில் அம்மாவிற் சுட்ட றொட்டியும் சீனி கலந்த தேநீருமே காலையுணவாயின. நகரத்தார் பாணுக்கும் விசுக்கோத்துக்கும், பின்னர்ப் பெட்டித் தானியத்துக்கும் மாறினர். உழைப்புக் குறைந்தது, உணவு மென்மையாயிற்று.

சலரோகம் நமக்குப் புதிதன்று. மதுமேகம் என்னும் பெயரே, சிறுநீரில் இனிப்பிருப்பதை முன்னோர் அறிந்தமைக்குச் சான்று. இலங்கையிற் பணியாற்றிய தொமஸ் கிறிஸ்ரி என்னும் வைத்தியர் இத்தீவிற் கண்ட நீரிழிவைப் பற்றி 1811 ஆம் ஆண்டிலேயே எடின்பரோ மருத்துவ இதழில் எழுதியுள்ளார். புதிது அதன் பெருக்கமே. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நாடளாவ நடந்த ஆய்வொன்றில் வளர்ந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேரிடம் இந்நோய் காணப்பட்டது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடந்த மற்றோர் ஆய்வு நூற்றுக்கு இருபத்து மூன்று என்று கூறிற்று. ஆசிரியர் அறையில் நால்வர் அமர்ந்திருந்தால், அவருள் ஒருவர் சலரோகியாதல் கூடும் என்பதே இதன் பொருள்.

அங்ஙனமாயின், பழையதெல்லாம் நன்று, புதியதெல்லாம் தீது என்பேனோ? அதுவும் பொருந்தாது. அரிசிக் கஞ்சிக்கும் சுட்டெண் 78 என்று மேற்கூறிய அட்டவணை காட்டுகிறது. குரக்கனையும் மிக நுணுக்கி அரைத்துப் பிட்டாக்கி, சீனி தூவி, வயிறு கொள்ளுமளவும் உண்டால், குருதி வெல்லம் ஏறவே செய்யும். தானியத்தின் பெயர் நம்மைக் காப்பதில்லை. முழுமை குன்றாத தானியம், நசுக்காத பக்குவம், அதனோடு பயறு, கௌபி, கடலை, முட்டை, கீரை போன்றவற்றின் துணை, உண்ணும் அளவு ஆகியவையே காப்பன. காலையில் இலைக்கஞ்சி குடிப்போரும் அதிற் கீரை மிகுதியாகவும் சோறு குறைவாகவும் அமையுமாறு பார்த்தல் நன்று. செதில் உண்ண விரும்புவோர் பெட்டியின் பக்கத்தில் அச்சிட்ட சீனி அளவையும் நார்ப்பொருள் அளவையும் வாசித்து வாங்குக. அங்குக் குறித்த ஒருவேளை அளவு பெரும்பாலும் 30 கிராம். நம் வீட்டுக் கிண்ணம் அதனிற் பெரிது. மருந்துண்போர் உணவை மாற்றுமுன் தம் வைத்தியரைக் கலந்து கொள்ளுக. மருந்தையும் மாற்ற நேரிடலாம்.

மதிப்பீடு

கெல்லொக்கை எவ்வாறு மதிப்பது? அவர் வஞ்சகர் அல்லர். ஊனும் மதுவும் புகையும் உடலைக் கெடுக்கும் என்று ஊரார் நகைத்த காலத்திற் கூறினார். தவிட்டையும் கனியையும் நடையையும் போற்றினார். சீனியை அஞ்சினார். அவற்றிற் பல இன்று நிலைபெற்றுள்ளன. தம்மிடம் வந்த நோயாளரின் வயிற்றுக்கு ஏற்ற உணவைத் தேடினார், கண்டார். ஆனால் ஒருவர் நோய்க்கு உதவியது எல்லார்க்கும் எக்காலத்துக்கும் உதவும் என்று உலகம் கொண்டதே பிழையாயிற்று. அதனை அவர்தம் கொள்கையே தொடங்கிவைத்தது. தம்பியாரின் வணிகம் பரப்பிற்று. நம் சோம்பல் வரவேற்றது.

இலக்கணத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் அது நிற்கும் இடத்தால் அமையும். உணவும் அத்தகையதே. யார் உடல், என்ன நோய், எத்துணை உழைப்பு, எந்த அளவு என்பனவற்றை நோக்காது, இது நல்லுணவு, இது தீயுணவு என்று பெட்டியின் மேல் எழுதிவிட முடியாது. பற்றில் கிறீக்கின் நோயாளருக்கு வேண்டியது விரைந்து செரிக்கும் உணவு. கண்டியின் நோயாளருக்கு வேண்டியது மெல்லச் செரிக்கும் உணவு. இவ்வேறுபாட்டை மாணவர் உணர்ந்து தம் வீட்டாருக்கும் உணர்த்துவாராயின், துடைப்பத் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு உலகின் காலையையே மாற்றிய அப்பெரியாரின் வாழ்க்கையை நாம் கற்றதற்குப் பயன் உண்டாகும்.